‘கரண்ட்’ சிகிச்சைக்கு அஞ்ச வேண்டாம்



நோய் தீர அர்ச்சனை செய்ய வரும் அன்பர்களோடு உரையாடுகையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ‘கரண்ட் வைக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொன்னதும், இனி நம்பிக்கையில்லை என்று பலர் கலங்குகின்றனர். அந்த அச்சத்தில் சிகிச்சை தள்ளிப்போகிறது. ஆகவே நுரையீரல் புற்றுநோய் பற்றிச் சில செய்திகளைத் தருகிறேன்.

சிங்கப்பூரில் ஆண்களின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் வகிக்கிறது. முதற்காரணம் புகைபிடித்தல். பிறர் விடும் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசு, மாசடைந்த காற்று, குடும்ப வழி ஆகியனவும் காரணங்களாம். புகையையே தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

நுரையீரலுக்குள் வலியை உணர்த்தும் நரம்புகள் மிகக் குறைவு. ஆதலால் தொடக்கத்தில் நோய் வெளியே தெரிவதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நெடுங்காலம் புகைபிடித்தவர்கள், குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன் தங்களுக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

கதிரியக்கச் சிகிச்சை மூன்று வகையில் உதவுகிறது.

1. நோய் தொடக்க நிலையில் இருந்து, அறுவைச் சிகிச்சையை உடல் தாங்காதெனில், கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்துச் சில தடவைகளிலேயே அழிக்க முயல்வர்.

2. நோய் நெஞ்சுக்குள் சற்றுப் பரவியிருந்தால், மருந்துடன் சேர்த்து வாரம் 5 நாளாகச் சுமார் 6 வாரம் அளிப்பர்.

3. எலும்புக்கோ மூளைக்கோ பரவியிருந்தால், வலியும் தொல்லையும் தணிய அளிப்பர்.

முதலிரண்டும் குணப்படுத்தும் நோக்கமுடையவை என்பதை மறவாதீர்கள். ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தின் புதிய கட்டடம் 2023இல் திறக்கப்பட்டது. அங்கே புரோட்டான் சிகிச்சையும் உண்டு. எனினும் அது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

வெளியிலிருந்து கதிரைச் செலுத்தும்போது வலி தெரியாது. கதிர் உடலில் தங்குவதுமில்லை. வீடு திரும்பிப் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். களைப்பு, இருமல், விழுங்குகையில் வலி ஆகியன தோன்றலாம், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மார்பில் இட்ட அடையாளக் கோடுகளை அழிக்கலாகாது. அவ்விடத்தில் சந்தனம், திருநீறு பூசுமுன் தாதியரைக் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்கவும் வேண்டாம்.

தைப்பூசத்துக்கு விரதமிருக்கும் நாள்களில் சிகரெட்டைத் தொடாத அன்பர்கள் பலர் உண்டு. அத்தனை நாள் விட முடிந்தவருக்கு, காவடி இறக்கிய பின்னும் விட முடியாதா? பிரார்த்தனையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று துணை. அர்ச்சனைச் சீட்டு வாங்குங்கள். மருத்துவர் குறித்த நாளையும் தவறவிடாதீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவரையும் காத்தருள்வானாக.