பேசும் பெட்டி ஊமையானது ஏன்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அறிவியல் வளர்ச்சியின் பயனாக நம் வீடுகளுக்குள் புதுப்புதுக் கருவிகள் புகுந்து வருகின்றன. அவற்றுள் ஒன்று, கேட்டதற்கு வாய்ச்சொல்லால் விடை கூறும் ஒலிபெருக்கி. 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமேசான் எக்கோ வெளிவந்த பின் இவ்வகைப் பெட்டிகள் உலகெங்கும் பரவின. பிரான்சில் பணிபுரியும் என் சித்தப்பா, சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது அப்படி ஒரு பெட்டியை முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டிற்குக் கொண்டுவந்தார்.

எங்கள் ஆயாவுக்குக் கண்பார்வை இல்லை. கைப்பேசியில் எண்ணைப் பார்த்து அழுத்த இயலாது. ஆனால் கட்டிலில் படுத்தபடியே பெட்டியிடம் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களைச் சொன்னால் போதும். சித்தப்பா வீட்டிலுள்ள பெட்டி அங்கே ஒலிக்கும். எழுதப் படிக்க அறியாத ஆயா அச்சொற்களை ஒரு வாரம் உருப்போட்டுக் கற்றார். பகலில் அப்பாவும் அம்மாவும் வேலைக்கும், நான் கல்லூரிக்கும் சென்றுவிட்டால் ஆயாவுக்குப் பெட்டியே துணை.

பொங்கலுக்குப் பின் அந்தப் பெட்டி அடிக்கடி ஊமையாயிற்று. இணையத் தொடர்பு இல்லை என்று அது ஆங்கிலத்தில் அறிவிப்பது ஆயாவுக்கு எப்படிப் புரியும்? நான்கு நாள் பொறுத்தவர் ஐந்தாம் நாள் மாலை என்னிடம், "உங்க சித்தப்பன் எம்மேல கோவமா இருக்கானாடா தம்பி?" என்றார். உடனே என் கைப்பேசியில் சித்தப்பாவோடு பேசவைத்தேன். ஆனால் மறுநாள் பகலில் யார் பேசவைப்பது? இயற்பியல் படிக்கும் எனக்கு அக்கேள்வி எந்தத் தேர்வு வினாவைவிடவும் கடினமாக இருந்தது.

பெட்டி பேசும் விதம்

பெட்டி தன்னை விளிக்கும் சொல்லைத் தானாகவே அறிந்துகொள்கிறது. அதன்பின் நாம் பேசுவதை எண்குறிகளாக மாற்றி, வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பால் ரூட்டருக்கு அனுப்புகிறது. ரூட்டர் அதனைத் தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்குச் சேர்க்கிறது. விடை அதே வழியில் திரும்புகிறது. ஆகவே குற்றம் மூன்றில் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்: பெட்டியில், ரூட்டரிலும் அதற்கு வரும் வெளி இணைப்பிலும், அல்லது பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட வெளியில்.

மூன்று சோதனைகள்

எங்களுடையது தறி நெய்த குடும்பம். இழை அறுந்தால் தறியைத் தட்டிப் பயனில்லை, அறுந்த முனையைத் தேடு என்பார் ஆயா. பெட்டியைப் பத்துமுறை அணைத்துப் போட்டுக் களைத்த பிறகே அது என் நினைவுக்கு வந்தது.

முதலாவதாக, கைப்பேசியின் சொந்த இணையத்தை நிறுத்திவிட்டு, ரூட்டரின் அருகில் நின்று வைஃபையில் இணைத்தேன். தடையின்றி வேலை செய்தது. எனவே வெளி இணைப்பில் குறையில்லை. இரண்டாவதாக, பெட்டியைத் தூக்கிவந்து ரூட்டரின் பக்கத்தில் வைத்தேன். உடனே பேசியது. எனவே பெட்டியிலும் குறையில்லை.

எஞ்சியது இடைவெளி. அலையின் வலிமையைக் கைப்பேசிச் செயலி ஒன்றினால் அளந்தேன். ரூட்டர் அருகில் -42 டிபிஎம். ஆயாவின் கட்டிலருகில் -82. பத்து டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். இங்கே நாற்பது குறைந்துள்ளது. அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கே கட்டிலை அடைகிறது!

1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். சுவரைக் கடக்கும் அலைக்கு எங்கள் வீட்டில் என்ன தடை? சுண்ணாம்புக் காரைச் சுவர் கனமானதுதான். எனினும் அது அலையின் ஒரு பகுதியையே விழுங்கும். இரும்போ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இரும்புப் பீரோவை ரூட்டருக்கும் ஆயாவின் அறைக்கும் நடுவே நகர்த்தியவன் நானே!

மற்றொரு காரணமும் இருந்தது. எங்கள் ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அதிர்வெண்களில் இயங்குவது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் முறையே 12.5 செ.மீ., 6 செ.மீ. என வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகச் செய்தி கடத்தும். ஆனால் சுவர்களைக் கடக்கையில் அதிகம் தேயும். பெட்டி அதையே பற்றிக்கொண்டிருந்தது.

பீரோவைப் பழைய இடத்திற்கே தள்ளினேன். ரூட்டரை இரண்டு ஆணிகளில் உயரமாக மாட்டினேன். 2.4-க்குத் தனிப்பெயரிட்டுப் பெட்டியை அதில் இணைத்தேன். கட்டிலருகில் அளவு -60 ஆயிற்று.

ஆயினும் மாலை வேளைகளில் தடங்கல் நீடித்தது. செயலியில் பார்த்தால், அண்டை வீட்டு இணைப்புகள் பதினான்கு. அவற்றுள் எட்டு, எங்களைப் போலவே 6-ஆம் தடத்தில்! இத்தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றும் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இயங்கும். இருவர் மட்டுமே இருந்த 11-க்கு மாறினேன். தடங்கல் நின்றது.

நண்பர்களே, புதிதாக ஒரு கருவியும் வாங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் குறித்துக்கொள்ளும் ஆய்வுக்கூட ஒழுக்கமே வேலையை முடித்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். "இதப் படிச்சா என்னடா கிடைக்கும்?" என்று ஆயா முன்பு கேட்டதுண்டு. மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பியதும், நான் செருப்பைக் கழற்றுமுன்பே உள்ளிருந்து குரல் வந்தது: "தம்பி, உங்க சித்தப்பன் பேசினான். அங்க ஒரே பனியாம்."

பீரோவை நகர்த்தியது யார் என்பதை அன்றிரவு ஆயாவிடம் ஒப்புக்கொண்டேன்.