கட்டுமரமும் தெர்மாமீட்டரும்



ஓர் எளிய கேள்வியோடு தொடங்குவோம். 'கட்டுமரம்' என்ற சொல்லின் பொருள் என்ன? இராமேசுவரம் கடற்கரையில் விளையாடும் சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும்: மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். இதற்கு அகராதி வேண்டியதில்லை. பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதே சொல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அங்கே அதன் பெயர் 'கேட்டமரான்'. இலண்டனில் வளரும் ஒரு பிள்ளைக்கு அது வெறும் ஒலி. 'கட்டு' எங்கே முடிகிறது, 'மரம்' எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பொருளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

இப்போது நம் பக்கம் வருவோம். 'தெர்மோடைனமிக்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் அந்த இலண்டன் பிள்ளையின் நிலையில்தான் இருக்கிறோம்.

பரமக்குடி வட்டாரத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, இயற்பியலில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர்கள். ஆனால் முதல் வாரத்திலேயே வகுப்பில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு மாணவியிடம் தெர்மோடைனமிக்ஸ் முதல் விதியைக் கேட்டேன். தலை குனிந்து நின்றார். "வெப்ப இயக்கவியல் முதல் விதியைச் சொல்லம்மா" என்று மாற்றிக் கேட்டேன். ஓர் எடுத்துக்காட்டோடு தெளிவாகச் சொன்னார். அவருக்கு இயற்பியல் தெரியும். அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியவில்லை.

நானும் அப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்தவன்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நாளொன்றுக்கு ஐம்பது ஆங்கிலச் சொற்களை எழுதி, எதிரே தமிழ்ப் பொருளை எழுதி, மனப்பாடம் செய்தேன். வார இறுதியில் பத்துகூட நினைவில் இல்லை. இயற்பியலையே விட்டுவிடலாமா என்று எண்ணினேன். என் அறிவில் குறையில்லை, முறையில்தான் குறை என்பது பின்னால்தான் புரிந்தது.

மறதி எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முடிவுகளை 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. ஆனால் அதற்குப் பிறகு மறதியின் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, மறதி தொடக்கத்தில்தான் மிக வேகமானது. ஆகவே முதல் சில நாட்களுக்குள் திரும்பப் படிப்பது இன்றியமையாதது. இரண்டு, அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகள். உள்ளமைப்பு தெரியாத ஆங்கிலச் சொல்லும் நமக்கு அப்படிப்பட்ட அசைக்கூட்டமே. அதைப் பொருளுள்ளதாக்கிவிட்டால் நினைவில் நிறுத்துவது எளிதாகும்.

சொல்லின் கட்டை அவிழ்ப்போம்

அறிவியல் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரங்களே. சில துண்டுகளைப் பாருங்கள்:

தெர்மோ – வெப்பம்
ஃபோட்டோ – ஒளி
ஹைட்ரோ – நீர்
டெலி – தொலைவு
மைக்ரோ – நுண்ணிய
ஐசோ – சமம், ஒரே
மீட்டர் – அளப்பது
ஸ்கோப் – நோக்குவது
கிராஃப் – எழுதுவது, வரைவது

இவை ஒன்பதே துண்டுகள். ஆனால் தெர்மாமீட்டர், டெலிஸ்கோப், மைக்ரோஸ்கோப், ஃபோட்டோகிராஃப், டெலிகிராஃப், ஐசோதெர்ம் என்று இவற்றைக்கொண்டு கட்டிய சொற்கள் எத்தனை! துண்டு ஒன்றைக் கற்றால் ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடுகிறது.

இங்கேதான் தமிழில் படித்த உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் கண்டார்கள். அந்தக் காலம் தொட்டு நம் கலைச்சொல் அறிஞர்கள் பல இடங்களில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்து, துண்டுக்குத் துண்டு தமிழாக்கியே சொற்களைப் படைத்திருக்கிறார்கள். டெலிஸ்கோப் – தொலைநோக்கி. மைக்ரோஸ்கோப் – நுண்ணோக்கி. தெர்மாமீட்டர் – வெப்பமானி. ஃபோட்டோசிந்தசிஸ் – ஒளிச்சேர்க்கை. செமிகண்டக்டர் – குறைகடத்தி. அதாவது, ஆங்கிலச் சொல்லின் திறவுகோல் உங்கள் பழைய தமிழ்ப் பாடநூலிலேயே இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

சில வேளைகளில் பாக் நீரிணையின் அக்கரையையும் எட்டிப் பார்க்கலாம். 'ரிஃப்ராக்ஷன்' என்பதை நாம் ஒளிவிலகல் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒளிமுறிவு என்கின்றன. ஒளிக்கதிர் திசை மாறி விலகுவதை நம் சொல் காட்டுகிறது. இலத்தீன் மூலத்தின் பொருளோ 'முறிதல்'. நீரில் பாதி அமிழ்த்திய குச்சி முறிந்ததுபோல் தோன்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மூலம் தெரிந்தால், எலும்பு முறிவான ஃப்ராக்சரும், கணக்கில் வரும் பின்னமான ஃப்ராக்ஷனும் ரிஃப்ராக்ஷனின் உடன்பிறப்புகள் என்பது விளங்கும்.

எச்சரிக்கை இரண்டு

துண்டுகள் வழி காட்டும். ஆனால் எப்போதும் ஊர் கொண்டு சேர்ப்பதில்லை. 'கேட்டமரான்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரட்டை உடற்பகுதி கொண்ட படகு. மரமும் இல்லை, கட்டும் இல்லை! 'ஆக்சிஜன்' என்ற பெயரின் பொருள் 'அமிலத்தைத் தோற்றுவிப்பது'. அமிலங்கள் எல்லாவற்றிலும் அந்த வாயு உண்டு என்று லவாய்சியர் கருதியதால் வந்த பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பது பின்னர் டேவியின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. கருத்து திருந்தியது, பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே துண்டுகளைக் கொண்டு பொருளை ஊகியுங்கள். பிறகு அகராதியில் சரிபாருங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை, தெரிந்த சொற்களைப் பற்றியது. 'வொர்க்' என்றால் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிளகாய் மூட்டையைத் தலையில் சுமந்தபடி அசையாமல் நிற்பவர், எவ்வளவு களைத்தாலும், அந்த மூட்டையின் மீது இயற்பியல் சொல்லும் வேலை எதையும் செய்யவில்லை. மூட்டை நகரவில்லை அல்லவா? 'மொமென்ட்' பேச்சில் ஒரு கணம், இயந்திரவியலில் திருப்புத்திறன். பழக்கமான முகத்தோடு வரும் இத்தகைய சொற்களுக்குக் குறிப்பேட்டில் இரண்டு பொருளையும் எழுதிவையுங்கள்.

எத்தனை சொற்கள் தேவை?

ஆங்கிலத்தில் இலட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் மிகப் பயனுள்ள சுமார் 2,000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், கல்லூரி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை 2000இல் தொகுத்தார். அவர் ஆராய்ந்த நூல்களில் வந்த சொற்களில், வெஸ்ட் பட்டியலிலுள்ளவை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. 570 குடும்பங்கள் மேலும் பத்தில் ஒரு பங்கு. எஞ்சியவற்றில்தான் துறைசார்ந்த கலைச்சொற்கள் வருகின்றன.

முதல் 2,000இல் பெரும்பகுதியை நீங்கள் பள்ளியிலேயே கற்றிருப்பீர்கள். அடுத்த படி அந்த 570தான். அஸ்யூம், டெரைவ், இன்டிகேட், வேரி ஆகியவை அதில் சில. தேர்வுத்தாளில் தடுமாற வைப்பவை பெரும்பாலும் பெரிய கலைச்சொற்கள் அல்ல, இவையே. 'டெரைவ்' என்றால் வருவித்தல் என்று தெரியாதவர், சமன்பாடு தெரிந்திருந்தும் விடை எழுதாமல் வந்துவிடுவார். இவற்றையும் குடும்பமாகவே கற்க வேண்டும்: வேரி, வேரியபிள், வேரியேஷன், இன்வேரியபிள்.

குறிப்பேடு தயாரிப்போம்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல். அடுத்து அதன் துண்டுகள் அல்லது குடும்பம். மூன்றாவதாகத் தமிழ்ச் சொல். நான்காவதாக நீங்களே அமைத்த ஓர் ஆங்கில வாக்கியம். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். அவற்றை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, நினைவிலிருந்து சொல்ல முயலுங்கள். நாளுக்கு ஐந்து என்றால் ஓராண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல்!

கொஞ்சம் முன்னேறியதும் படிப்பதற்கு நூல்களைத் தேடுங்கள். இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம், அங்கே இறுதி ஆண்டில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களை ஆங்கிலத்தில் விரும்பிப் படித்ததாகத் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். பட்டியலில் கற்ற சொல் தன் சுற்றத்தாரோடு நடமாடுவதை நூலில்தான் காண முடியும்.

பரமக்குடி நெசவாளர் ஊர் அல்லவா? இங்கும் ஆற்றின் அக்கரையில் எமனேசுவரத்திலும் பல பிள்ளைகள் வீட்டில் சௌராஷ்டிர மொழியும் தெருவில் தமிழும் பேசுகிறார்கள். இரு மொழிகளை விளையாட்டாகவே கற்றவர்கள் மூன்றாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தறியில் ஓடுவதும் நூல். கையில் விரித்துப் படிப்பதும் நூல். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். நெய்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே துணியான 'டெக்ஸ்டைல்', பாடமான 'டெக்ஸ்ட்' இரண்டும் வந்தன. சொல்லின் சூழலைக் குறிக்கும் 'கான்டெக்ஸ்ட்' என்பதற்கு மூலப்பொருள் 'சேர்த்து நெய்தது'. தனி இழை எளிதில் அறுந்துபோகும். அதனால்தான் நான்காம் பத்தியில் வாக்கியம் எழுதச் சொன்னேன்.

செய்து பாருங்கள்

மேலே தந்த துண்டுகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரி – சுற்றிலும், பார் – எடை, அழுத்தம். இப்போது பெரிஸ்கோப், ஐசோபார், தெர்மோகிராஃப், ஃபோட்டோமீட்டர், ஹைட்ரோதெர்மல் ஆகிய ஐந்து சொற்களின் பொருளை ஊகித்து எழுதுங்கள். பிறகு அகராதியைத் திறந்து சரிபாருங்கள். மூன்று சரியாக இருந்தால், உங்கள் கட்டுமரம் கரையை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்!