மதுரையில் தமிழ்ச் சங்கம் இருந்ததா?

மேடையேறிப் பேசும்போதெல்லாம் “சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த பாண்டியர்” என்று தொடங்கிக் கைதட்டல் பெறுகிறோம். அப்படியொரு சங்கம் மெய்யாகவே இருந்ததா என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்டால் எதைச் சான்றாகக் காட்டுவோம்? இதனைச் சற்றே ஆராய்வோம்.

முச்சங்கக் கதையை விரித்துரைப்பது இறையனார் களவியல் உரை. நக்கீரர் கண்ட உரை பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்ததென அந்நூலே கூறுகிறது. இன்றுள்ள வடிவம் கி.பி. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர். தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850 ஆண்டு நடந்ததாம். கணக்கு நோட்டை எடுத்து இம்மூன்றையும் 37 ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என மீதியின்றி வருகிறது! இடைச்சங்கம் காத்த அரசர் 59 பேர். அப்படியானால் ஒவ்வொருவரும் சராசரியாக அறுபத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஆண்டிருக்க வேண்டும். வரலாறு இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இவ்வெண்கள் யாரோ அமர்ந்து அமைத்தவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

எண் பொய்யென்றால் சங்கமும் பொய்யோ? அவசரப்பட வேண்டாம். புலவர் அவை என்ற பொருளில் ‘சங்கம்’ என்னும் சொல் எட்டுத்தொகைப் பாடல்களில் இல்லை என்பது உண்மை. ஆனால் சொல் இல்லாத இடத்திலும் பொருள் இருக்கலாமன்றோ? புறநானூற்று 72 ஆம் பாட்டைப் புரட்டுவோம். பாண்டியன் நெடுஞ்செழியன் சினந்து வஞ்சினம் கூறுகிறான்: பகைவரை வெல்லேனாயின், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழிக! தலைவன் உண்டெனில் கூட்டமும் உண்டு. பாண்டியனுக்கு அவர்கள் பாட்டு எத்துணை அருமை என்பதும் தெரிகிறது. நமக்கு மிகவும் பிடித்த சான்று இதுவே.

கல்லும் சிறிது பேசுகிறது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981 இல் கண்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ளது. ஔவையார் பாடிய அதியமான் கற்பனையல்லன் என்று இதனால் துணியலாம். புலவர் அவையைப் பற்றி இக்கல் ஒன்றும் சொல்லவில்லை.

மதுரையில் சங்கம் வைத்ததையும், மாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்வது சின்னமனூர்ச் செப்பேடு. அது பத்தாம் நூற்றாண்டினது. நெடுஞ்செழியனுக்கும் அதற்கும் இடையே பல நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1901 இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் ஒரு தமிழ்ச் சங்கம் நிறுவினார். அதனை நான்காம் தமிழ்ச் சங்கம் என்றே அழைத்தனர்.