வயற்புறத்து விலங்குகளில் விசர்நோய்

வட அமெரிக்காவில் மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் ஒரு நோய் 1967ஆம் ஆண்டில் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டது. வேட்டையாடப்படும் மான்களின் தலைகளைச் சேர்த்துச் சோதித்தே அந்நோய் பரவும் எல்லையை அங்கு அறிகின்றனர். மட்டக்களப்புக் கமக்காரர் அஞ்சவேண்டிய மூளைநோய் அதுவன்று, விசர்நோயே. ஆயினும் கண்காணிக்கும் முறை ஏறத்தாழ ஒன்றே.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டுவந்ததன் பயனாக அத்தொகை பெரிதும் குறைந்தது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. பெரும்பாலும் நாயே இதனைப் பரப்புகின்றது. நரி, கீரி, மரநாய் ஆகியவற்றிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது.

நரி இயல்பாகவே மனிதருக்கு அஞ்சுவது. பட்டப்பகலில் வளவினுள் நுழைந்து, நாய்களுடன் பொருதி, ஆளைக் கண்டும் விலகாத நரியை ஐயுறல் வேண்டும். தாடை தொங்குதல், பின்னங்கால் தள்ளாடுதல் என்பனவும் குறிகளாம்.

பட்டி மாடுகளில் நோயை அறிவது கடினம். கடியுண்டு சில வாரங்களோ பல மாதங்களோ சென்றபின்பே குறி தோன்றும். மாடு இடைவிடாது கதறும். வாயில் எச்சில் வழியும். தீனியை விழுங்க மாட்டாது. தொண்டையில் ஏதோ சிக்கிற்று என்று எண்ணி வாயினுள் கைவிட்டுப் பார்ப்பது நம்மவர் வழக்கம். இது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அவ்வெச்சிலிலேயே நோய்க்கிருமி உள்ளது. அத்தகைய மாட்டைத் தனியே கட்டி, மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அதனை இறைச்சிக்கு அறுத்தலும் அதன் பாலைப் பருகுதலும் ஆகா.

இறந்த விலங்கின் மூளையைச் சோதித்தே நோயை உறுதிசெய்வர். ஆதலால் விலங்கை அடிக்க நேரினும் தலையைச் சிதைக்கலாகாது. சிதைந்த மூளை சோதனைக்கு உதவாது. தலையை நீங்களே வெட்டி எடுக்கவும் வேண்டாம். அதிகாரிகள் அதனைப் பனிக்கட்டியிட்டுக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்புவர்.

கடியுண்டவர் சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குறிகள் தோன்றியபின் மருந்து பயன்படாது.

இன்னுமொன்று. படுவான்கரை வாடிகளில் காவலுக்கு நிற்கும் நாய்கள், ஊரில் ஊசி போடும் நாளில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நரியை முதலில் எதிர்கொள்பவை அவையே. அந்நாளில் அவற்றையும் ஊருக்குக் கொண்டுவருக.