குழந்தையின் குடலும் நுண்ணுயிர்களும்

கிருமி என்றதும் நாம் நோயையே நினைக்கிறோம். ஆனால், நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு நன்மையே செய்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைச் சிதைத்துக் குடற்சுவருக்கு ஊட்டம் அளிக்கின்றன. தீய கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன.

சில குழந்தைகளுக்கு இந்த உறவு கெட்டுவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அந்த நுண்ணுயிர்களைப் பகையெனக் கருதித் தாக்குவதால், குடற்சுவர் வீங்கிப் புண்ணாகிறது. இதுவே குடல் அழற்சி நோய். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அரிய நோயே எனினும், பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பெற்று 2015இல் வெளிவந்த ஆய்வில், மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே இது மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே, நாம் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், அடிக்கடி வயிற்றுவலி, எடை குறைதல், வயதுக்கேற்ப உயரம் கூடாமை ஆகியவை இதன் அறிகுறிகள். "வயிற்றில் பூச்சி", "உடற்சூடு" என்று கூறிக் காலங்கடத்தலாகாது. வளரும் பருவம் கடந்துவிட்டால் மீண்டும் வாராது.

இந்நோயை முற்றிலும் நீக்க இயலாவிடினும் அடக்கி வைக்க இயலும். கிரோன் எனப்படும் வகைக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் 6 முதல் 8 வாரங்கள் ஊட்டத் திரவ உணவை மட்டுமே அளித்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அழற்சி தணிகிறது. அப்போது குடல் நுண்ணுயிர்களின் அமைப்பும் மாறுகிறது.

மருத்துவர் கூறாமல் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்காதீர்கள். அது நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடும். மலத்தில் இரத்தம் கண்டால், ஒருநாள் வேலை போயினும், குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.