தடுப்பிலிருந்து வந்தவரும் கணினித் தொழிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மென்பொருள் தொழில் வேர்கொள்ளத் தொடங்கிய காலமும், போர் ஓய்ந்தபின் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து ஏறத்தாழ 12,000 பேர் படிப்படியாக வீடு திரும்பிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. 2012இல் யாழ் ஐரி ஹப் என்னும் தன்னார்வ அமைப்புத் தன் போட்டிகளை ஆரம்பித்து, ஊரிலிருந்தே இத்தொழிலில் முன்னேறலாம் என்ற உற்சாகத்தை இளைஞரிடம் எழுப்பியது. ஆனால் தடுப்பிலிருந்து வந்தவருக்கு அந்த வாசல் அடைபட்டதென்னும் அபிப்பிராயமும் அக்காலத்திலேயே பரவிவிட்டது.

“தடுப்பில் இருந்தவரெல்லாம் குற்றப் பதிவு உள்ளவர்” என்பது அந்த அபிப்பிராயத்தைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளுள் மிகக் கொடியது. 2009இல் சரணடைந்து புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கே தொடரப்படவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அமைச்சரின் கட்டளை ஒன்றைக் கொண்டே ஒருவரை விசாரணையின்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்க இடங்கொடுத்தது. 2022இலேதான் அவ்வெல்லை பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. இவ்வாறு அடைபட்டுக் குற்றச்சாட்டின்றி விடப்பட்டவரும், வழக்காடி விடுதலையானவரும், சட்டத்தின் முன் அயல்வீட்டுக்காரரைப் போலவே நிரபராதிகள். சிறு குற்றம் நிரூபணமான இடத்திலும், குற்றத் தீர்ப்பைப் பதியாமல் எச்சரித்து விடுவிக்கும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 306ஆம் பிரிவில், நீதவானுக்கு அளித்திருக்கிறது.

“பொலிஸ் றிப்போட் சுத்தமாயில்லாதவரைக் கொம்பனி எடுப்பதற்குச் சட்டம் இடங்கொடாது” என்பது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகத்தையே இலட்சியமாகக் கொண்ட நம் சமூகம், அவ்வுத்தியோகத்தின் நிபந்தனைகளை உலகப் பொதுவிதியென எண்ணிக்கொண்டதன் விளைவு இது. தனியார் மென்பொருள் நிறுவனம் தண்டனை பெற்ற ஒருவரைக்கூட வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. தடுப்பது முதலாளியின் அச்சமே.

தடுப்பிலிருந்து வந்தவர் கையிற் கணினியை ஒப்படைத்தால் தரவுக்கு ஆபத்து என்பாரும் உளர். புதிதாகச் சேர்ந்த எவருக்கும், அவர் எத்துணை நற்சான்றிதழ் கொண்டுவரினும், எல்லாத் தரவையும் திறந்துவிடாமையே இத்தொழிலின் ஒழுங்கு. கலிபோர்னியாவின் சான் குவென்ரின் சிறையில் 2014 முதல், இணையத் தொடர்பே இன்றி, கைதிகளுக்கு நிரலாக்கம் கற்பிக்கப்பட்டது. அத்தகைய பயிற்சி பெற்று வெளிவந்தவர்களுக்கு 2018இல் ஸ்லாக் நிறுவனம் இடமளிக்க முன்வந்தது.

மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள் போன்ற வாடிக்கையாளர்கள் ஊழியரின் பின்னணியை ஆராயுமாறு ஒப்பந்தத்திலேயே கோருவதுண்டு. அமெரிக்க விசா விண்ணப்பமோ தண்டனையை மாத்திரமன்றிக் கைதையும், மன்னிப்புப் பெற்றிருப்பினும், கேட்கிறது, அதனை மறைப்பது கைதினும் பெரிய தடையாய் முடியலாம். ஆகவே கொக்குவிலில் இருந்தபடியே அந்நிய நிறுவனத்துக்கு நிரல் எழுதுவது ஒருவருக்குச் சாத்தியமாயிருக்க, அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரிற் செல்வது அவருக்கே கடினமாகலாம். நேர்காணலுக்குப் போகுமுன், விடுதலைக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் பெற்று, புனர்வாழ்வுச் சான்றிதழ் இருப்பின் அதனையும் சேர்த்து வைத்துக்கொள்க. தீர்ப்பு உண்டா, எதற்காக, அது இவ்வேலையோடு சம்பந்தப்பட்டதா என்ற மூன்றையும் முதலாளி கேட்கட்டும், அதற்கு மேல் அவர் கேட்கவேண்டிய அவசியமில்லை.