அடுப்பை விட்டு இறக்கிய பின்

எலுமிச்சம்பழத்தை அடுப்பின் மேலுள்ள பாத்திரத்தில் பிழியலாகாது. இறக்கி வைத்து, ஆவி சற்று அடங்கிய பின்னரே பிழிய வேண்டும். எலுமிச்சைச் சோறு கிளறும் வீடுகளில் எல்லாம் இது எழுதப்படாத சட்டம். எங்கள் வீட்டில் இச்சட்டத்தைக் காப்பவர் என் தாயார். காரணம் கேட்டால், "கொதிச்சா புளிப்புச் செத்துப்போகும்" என்பார். வேதியியல் பயிலும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நான் சட்டத்தை மீறியதும், பத்துப் பழங்கள் பாழானதும், பின்னர் ஆய்வகத்தில் கண்டதுமே இக்கட்டுரை.

நூலகத்தில் உணவு வேதியியல் நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'பொன்சு' என்ற பெயர் கண்ணிற்பட்டது. ஜப்பானியர் மீனையும் காய்கறியையும் தொட்டுக்கொண்டு உண்ணும் புளிப்புச் சாறு அது. யூசு, சுதாச்சி, காபோசு முதலிய எலுமிச்சை இனப் பழங்களின் சாற்றோடு சோயா சாஸ் சேர்த்து, உலர்ந்த மீன் சீவலையும் 'கொம்பு' என்னும் கடற்பாசியையும் ஊறவைத்து வடிப்பர். பெயரின் வரலாறு வேடிக்கையானது. நாகசாகித் துறையில் நெடுங்காலம் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் பழச்சாறு கலந்த பானத்தைப் 'பொன்ஸ்' என்றனர். ஜப்பானிய மொழியில் 'சு' என்றால் காடி. டச்சுச் சொல்லுக்கு மூலமான ஆங்கிலப் 'பஞ்ச்', ஐந்து எனப் பொருள்படும் இந்தி 'பாஞ்ச்' என்பதிலிருந்து பிறந்தது என்பது பலர் கருத்து. அவ்வாறாயின் அது நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன சொல்தான்.

பழத்துக்கு நமக்குக் குறைவில்லை. இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சென்றால் புளியங்குடி. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். வடக்கே திருவில்லிபுத்தூரில் என் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் நாரத்தை மரம் ஒன்று நிற்கிறது. கடையில் சோயா சாஸ் கிடைக்கிறது. ஆனால் புட்டியில் ஒட்டிய தாளைப் படித்து, நொதிக்க வைத்துச் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். கருகிய சர்க்கரையால் நிறமேற்றிய உப்புநீரும் அதே பெயரில் விற்கப்படுகிறது.

மீன் சீவலுக்கு என்ன செய்வது? அதற்கும் விடை அருகிலேயே இருந்தது. இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்துகிறார்களே, அந்த மாசிதான். ஜப்பானியரின் 'கட்சுவோபுஷி'க்கும் மாசிக்கும் மூலம் ஒரே மீன். விலங்கியலார் அதைக் கட்சுவோனஸ் பெலாமிஸ் என்பர். நம் கடற்கரையார் சூரை என்னும் வகையைச் சேர்ந்தது அது. இலங்கையில் மாசியை மிளகாய், வெங்காயம், உப்புடன் இடித்து எலுமிச்சை பிழிந்து சம்பல் செய்கின்றனர். பொன்சுவின் உடன்பிறப்பு என்று அதைச் சொன்னால் தவறாகாது.

இந்தச் சேர்க்கையின் சுவைக்கு வேதியியல் காரணம் உண்டு. 1908-இல் டோக்கியோவில் பேராசிரியர் கிகுனே இகேடா, கொம்புப் பாசியின் சுவைக்குக் குளுட்டமிக் அமிலத்தின் உப்புகளே காரணம் என்று கண்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொடாமா, உலர்மீனில் இனோசினேட் என்ற பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை கூடுவதோடு நில்லாமல் பன்மடங்காகிறது என்பதைப் பிற்பாடு அகிரா குனினாகா நிறுவினார். நொதித்த சோயாவிலும் குளுட்டமேட் உள்ளது. ஆகவே கொம்புப் பாசி இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, நான் செய்த முதல் காரியம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தது! பிழிந்த பழங்களைத் தோலும் விதையுமாக அதிலேயே இட்டேன். தாயார் வாசற்படியில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீடு முழுவதும் மணத்தது, சாறு மணக்கவில்லை. ஆறியதும் நாவில் வைத்தால் வேப்பங்கொழுந்துபோல் கசந்தது. கோடைக்காலம்; பழம் விலை ஏறியிருந்த சமயம். அன்று வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

புளிப்பு உண்மையிலேயே செத்துப்போயிற்றா? சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். 100 மி.லி. எலுமிச்சைச் சாற்றைத் தோலும் விதையும் இன்றி வடிகட்டி இரு பங்காக்கினேன். ஒரு பங்கைப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, ஆறியபின் வாலைவடிநீர் சேர்த்து மீண்டும் 50 மி.லி. ஆக்கினேன். ஆய்வகத்தில் எதையும் சுவைக்கக் கூடாது என்பது ஆசிரியர்கள் கற்பித்த முதல் பாடம். ஆதலால் இரண்டிலும் சிறிது வீட்டில் வைத்துவிட்டு, மீதியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். ஒவ்வொன்றிலும் 1 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, நீர் சேர்த்து, பினாப்தலீன் இட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தேன். பச்சைச் சாற்றுக்கு 9.6 மி.லி.; கொதித்ததற்கு 9.5 மி.லி. அதாவது 100 மி.லி. சாற்றில் ஏறத்தாழ 6 கிராம் சிட்ரிக் அமிலம், கொதிக்குமுன்னும் பின்னும்! புளிப்புச் சாகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பியூரெட் என்ற சொல்லை முதலில் உச்சரித்தவன் நானே. வெற்றிப் பெருமிதத்தோடு கணக்கைத் தாயாரிடம் சொன்னேன். அவர் வீட்டில் வைத்திருந்த இரண்டு கிண்ணங்களிலும் விரல் நனைத்துச் சுவைத்துவிட்டு, கொதித்ததைக் காட்டி, "புளிப்பு இருக்குடா. பழத்தைத்தான் காணோம்" என்றார்.

பியூரெட் சொல்லாத செய்தி அது. எலுமிச்சையின் மணம் லிமோனீன், சிட்ரால் போன்ற ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது. லிமோனீனின் கொதிநிலை 176 பாகை சென்டிகிரேடு. எனினும் நீராவியோடு கலந்து 100 பாகைக்குள்ளாகவே வெளியேறிவிடும். நம் பாடத்திலுள்ள நீராவியால் காய்ச்சி வடித்தலே அது. அன்று வீடு மணத்ததன் இரகசியமும் இதுதான். கசப்போ வேறு வழியில் வந்தது. சுளையின் வெள்ளைத் தோலிலும் விதையிலும் கசப்பற்ற ஒரு பொருள் உள்ளது. பழம் நசுங்கியதும் அது சாற்றின் அமிலத்தால் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. வெப்பம் அம்மாற்றத்தை விரைவுபடுத்தும். ஆகவே தாயாரின் சட்டம் சரி. அவர் சொன்ன காரணத்தில்தான் ஒரு சொல் மாற வேண்டும்.

இரண்டாம் முறை அவர் சொற்படியே செய்தேன். 30 மி.லி. நீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் பொடித்த மாசி 10 கிராமும் இட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். (மீன் உண்ணாதவர் உலர்ந்த காளான் இடலாம்.) நன்றாக ஆறியபின் சோயா சாஸ் 100 மி.லி., விதை நீக்கிய எலுமிச்சைச் சாறு 60 மி.லி., வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய நாரத்தைத் தோல் இரண்டு கீற்று. மூடி ஒருநாள் குளிர்பெட்டியில் வைத்து, மெல்லிய துணியில் வடித்தேன். கண்ணாடி அல்லது பீங்கான் தவிர வேறு பாத்திரம் ஆகாது. பித்தளையையும் செம்பையும் அமிலம் அரிக்கும். சோயா சாஸில் உப்பு மிகுதி. தொட்டுக்கொள்ளும் அளவே போதும்.

வெள்ளரிக்காய்க்கும் பொரித்த மீனுக்கும் நன்றாகவே இருந்தது. அம்மாச்சிக்கு ஒரு சிறு புட்டியில் ஊற்றித் திருவில்லிபுத்தூருக்கு எடுத்துச் சென்றேன். அவர் முகர்ந்து பார்த்து, நாரத்தை மணத்தை உடனே கண்டுகொண்டார். பிறகு பச்சைமிளகாய் ஒன்றைக் கீறி அதற்குள் போட்டுவிட்டார்.